சார்ஜர் முதல் செல் வரை: பழைய மடிக்கணினி குறித்து வாசகர்கள் கேட்டவை

இம்மாதம் வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடிக்கணினியின் பேட்டரியையும் சார்ஜரையும் பற்றியவை. எழுதியவர்களில் சிலர், 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கருவியை இன்னும் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் அலுவலகங்கள் கழித்துவிட்ட கருவிகளைச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கியவர்கள். அவற்றில் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியவை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவான ஒன்றை முதலில் கூறிவிடலாம். சுவர் பிளக், சார்ஜர், பின், ஜாக் (பின்னைச் செருகும் துளை), போர்டு (உள்ளிருக்கும் மதர்போர்டு), பேட்டரி என்ற வரிசையில் மின்சாரம் செல்கிறது. பழுதையும் அதே வரிசையில் தேட வேண்டும். வரிசையின் கடைசியில் இருக்கும் பேட்டரியை எடுத்த எடுப்பில் மாற்றிவிடுவதால்தான் பலருக்குப் பணம் வீணாகிறது.

ஐயா, என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப்பை இப்போது நான் பயன்படுத்துகிறேன். பேட்டரி 100 விழுக்காடு என்று காட்டுகிறது. ஆனால் சார்ஜரைக் கழற்றிய சில நிமிடங்களில், 60 அல்லது 70 விழுக்காடு இருக்கும்போதே, அணைந்துவிடுகிறது. ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில் போர்டு பழுது என்றார்கள். யார் சொல்வதை நம்புவது?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

உங்கள் கருவியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கட்டளைத் திரையைத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லையும் அதை ஒட்டி சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதையும் அத்திரையே காட்டும். விண்டோஸ் 7 என்றால், கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, பேட்டரி ரிப்போர்ட்டுக்குப் பதிலாக எனர்ஜி என்ற சொல்லை எழுதுங்கள். ஒரு நிமிடம் கருவியைக் கவனித்துவிட்டு அதுவும் அறிக்கை தரும். லினக்ஸ் நிறுவியிருந்தால் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலியில் இதே விவரங்கள் கிடைக்கும்.

அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். டிசைன் கெப்பாசிட்டி என்பது புதிதாக இருந்தபோது பேட்டரி கொள்ள வேண்டிய அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்று அதனால் கொள்ள முடிந்த அளவு. ஆறு செல் பேட்டரி ஒன்றின் முதல் எண் ஏறத்தாழ 48,000 மில்லிவாட் மணி என்று இருக்கும். இரண்டாவது எண் 19,000 என்று இருந்தால், பேட்டரியின் திறனில் நாற்பது விழுக்காடுதான் எஞ்சியிருக்கிறது. திரையின் மூலையில் நீங்கள் பார்க்கும் 100 விழுக்காடு இந்த 19,000-ஐ முழுமையாகக் கொண்டு கணக்கிடப்படுவது. அடியில் பாதிக்கு மேல் மணல் படிந்த குடத்தைக் குழாயடியில் வைத்தாலும் அது விளிம்புவரை நிரம்பத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ஊற்றும்போதுதான் தண்ணீர் எவ்வளவு என்பது தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இதைவிட முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. திறன் குறைந்த பேட்டரி 100-லிருந்து வேகமாக இறங்கி, 5 விழுக்காட்டை ஒட்டி அணையும். உங்களுடையது 60-இல் அணைகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு இருக்கலாம். முதலாவது, செல்களுக்கு இடையே ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு. பழைய மடிக்கணினிகளின் ஆறு செல் பேட்டரியில், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் இணைக்கப்பட்டு, அப்படிப்பட்ட மூன்று இணைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட்டிலும், இறங்கும்போது ஏறத்தாழ 3 வோல்ட்டிலும் நிற்க வேண்டும். மூன்று இணைகளில் ஒன்று மட்டும் நலிந்திருந்தாலும், அது 3 வோல்ட்டைத் தொட்டவுடன், மற்ற இரண்டில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். வயதாக ஆகச் செல்லின் உள்தடை கூடுவதும் இதே விளைவைத் தரும்: சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாக இருக்கும், காணொளி ஓடத் தொடங்கியதும் சரிந்துவிடும். திரை வெளிச்சத்தைக் குறைத்து வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது, கனமான வேலை கொடுத்ததும் அணைகிறது என்றால், உள்தடை கூடிவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் கணக்குப் பிழை. பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு, உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் விழுக்காட்டைச் சொல்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் கருவிகளில் அந்தக் கணக்கு மெல்ல மெல்லத் தவறிப்போகும். இதைச் சரிசெய்ய, முழுவதும் சார்ஜ் செய்து, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, தானாக உறங்கும் அமைப்புகளை நிறுத்திவிட்டு, சார்ஜரைக் கழற்றி, தானே அணையும்வரை ஓட விடுங்கள். பிறகு இடைநிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். ஒரு முறை செய்தால் போதும். முற்றிலும் வடிய விடுவது லித்தியம் செல்லுக்கு நல்லதல்ல என்பதால் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். இது கணக்கைத் திருத்துமே ஒழிய, இழந்த திறனைத் திருப்பித் தராது. அதற்குப் பிறகும் 60-இல் அணைந்தால் செல் நலிந்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

போர்டு பழுது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. சார்ஜரில் உங்கள் கருவி இடையூறின்றி ஓடுகிறது. பேட்டரியும் 100 வரை ஏறுகிறது. போர்டின் சார்ஜிங் பகுதி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு இவையே சான்று. அதே மாடல் வைத்திருக்கும் தோழியிடம் பேட்டரியைக் கடன் வாங்கி ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். அரசு வழங்கிய கருவிகளில் இது ஒரு வசதி. ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் ஒரே மாடலைப் பலர் பெற்றிருப்பார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் லேப்டாப். சார்ஜர் போட்டால் ஓடுகிறது. ஆனால் “பிளக்டு இன், நாட் சார்ஜிங்” என்று காட்டுகிறது, பேட்டரி ஏறுவதே இல்லை. சில நாட்கள் கருவி மிக மெதுவாகவும் இயங்குகிறது.
– டியூஷன் ஆசிரியர், வியாசர்பாடி

மெதுவாக இயங்குகிறது என்று நீங்கள் சேர்த்து எழுதியது மிகவும் உதவியாக இருக்கிறது. டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்களின் சார்ஜர் பின்னை உற்றுப் பாருங்கள். நடுவில் ஊசி போன்ற மெல்லிய பின் ஒன்று இருக்கும். மின்சாரம் பின்னின் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் செல்ல, அந்த ஊசியின் வழியாகச் சார்ஜர் தன்னை அடையாளப்படுத்திக்கொள்கிறது. டெல் சார்ஜர் தான் 65 வாட்டா 90 வாட்டா என்பதையே அதன் வழியாகச் சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, அதற்குச் செல்லும் மெல்லிய கம்பி உள்ளே அறுந்தாலோ, மடிக்கணினிக்குச் சார்ஜர் அடையாளம் தெரியாமல் போகும். உடனே அது எச்சரிக்கையாக நடந்துகொள்ளும்: ஓடுவதற்கு மட்டும் மின்சாரம் எடுக்கும், பேட்டரியை ஏற்றாது, பிராசசரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். சார்ஜர் ஒயரைச் செங்கலைச் சுற்றுவதுபோல் இறுக்கிச் சுற்றி வைக்கும் வழக்கத்தால் பின்னுக்கு அருகிலேயே அந்தக் கம்பி பெரும்பாலும் அறுகிறது. டெல் கருவியாக இருந்தால், தொடங்கும்போது எஃப்2 விசையை அழுத்தி, பயோஸ் என்னும் அடிப்படை அமைப்புகளின் திரைக்குச் சென்று, சார்ஜரின் வகை என்னவென்று காட்டுகிறது என்று பாருங்கள். வாட் அளவு தெரியாமல் அன்னோன் என்று இருந்தால், அதே நிறுவனத்தின் வேறொரு நல்ல சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அப்போதும் அன்னோன் என்றே இருந்தால், ஜாக்கில் பழுது.

சார்ஜர் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், அலுவலகக் கருவிகளுக்கே உரிய இன்னொரு காரணத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரியின் ஆயுளைக் காக்க, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறாதபடி முந்தைய நிறுவனம் பயோஸிலோ, தயாரிப்பாளரின் மென்பொருளிலோ வரம்பு வைத்திருக்கலாம். லெனோவோ கருவிகளில் கன்சர்வேஷன் மோட் என்ற அமைப்பு ஏறத்தாழ 60 விழுக்காட்டில் நிறுத்திவிடும். இது பழுதே அல்ல. எப்போதும் மேசையில் வைத்துப் பயன்படுத்துபவர்கள் அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பேன். முழுதாக ஏறிய நிலையும் வெப்பமும் சேரும்போதுதான் லித்தியம் செல் மிக விரைவில் மூப்படைகிறது.

உங்கள் பகுதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள் நிறைய என்பதால் இதையும் சொல்ல வேண்டும். செல்லின் வெப்பம் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரி சார்ஜ் ஏற்க மறுப்பது இயல்பு. மே மாத நண்பகலில், மெத்தை மேல் வைத்து, விசிறித் துளையில் தூசி அடைத்த கருவி அந்த அளவை எளிதில் எட்டிவிடும். இரவில் ஏறுகிறது, பகலில் ஏறவில்லை என்றால், விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசர் மேல் புதிய தெர்மல் பேஸ்ட் தடவச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்ற பிரிவின் கீழ், மைக்ரோசாஃப்ட் என்று தொடங்கி பேட்டரி என்று முடியும் டிரைவரை நீக்கிவிட்டு, கருவியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, போர்டில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்த பிறகு மீண்டும் இணையுங்கள். டிரைவர் தானாகவே திரும்ப வந்துவிடும். நீங்கள் வாங்குவதற்கு முன் கருவி நெடுங்காலம் கிடங்கில் கிடந்திருந்தால், செல்கள் ஒரேயடியாக வடிந்திருக்கவும் கூடும். அத்தகைய பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பித் தருவதாகச் சிலர் கூறுவார்கள். அதற்கு உடன்படாதீர்கள். அளவுக்கு மீறி வடிந்த செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கும். அதன் மேல் சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

மீன் ஏலக் கணக்கு எழுதும் லேப்டாப். சுவரில் செருகியதும் சார்ஜரில் விளக்கு எரிகிறது. பின்னை லேப்டாப்பில் செருகிய நொடியே விளக்கு அணைந்துவிடுகிறது. ஜாக்கின் உள்ளே பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது.
– காசிமேடு வாசகர்

விளக்கு அணைவது சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். எதிர்முனையில் ஷார்ட் இருப்பதை உணர்ந்து அது வெளியீட்டை நிறுத்திவிடுகிறது. எனவே சார்ஜரைக் குறை சொல்லாமல் மடிக்கணினியின் பக்கம் பாருங்கள். மீண்டும் மீண்டும் செருகிச் சோதிப்பதையும் நிறுத்துங்கள்.

பச்சைப் படிவு, செம்புக் கலவை அரித்ததன் அடையாளம். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் உலோகத்தின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துறைமுகத்தை ஒட்டிய உங்கள் பகுதியிலும், திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத் தெருக்களிலும் மின்னணுக் கருவிகள் இதனால் கெடுவது அதிகம். படிவே இரு முனைகளையும் இணைத்து ஷார்ட் உண்டாக்கியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றி, கருவியை முழுவதும் அணைத்த நிலையில், மெல்லிய தூரிகையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஜாக்கைச் சுத்தம் செய்து நன்கு உலர விடுங்கள். மண்ணெண்ணெய், தண்ணீர், கத்தி முனை ஆகிய மூன்றும் கூடாது. பிறகும் விளக்கு அணைந்தால், ஜாக்கோ, அதற்கு அடுத்து போர்டில் இருக்கும் கெப்பாசிட்டரோ, மாஸ்ஃபெட் என்னும் மின்சுவிட்சோ ஷார்ட் ஆகியிருக்கும். அது மல்டிமீட்டரும் பழகிய கையும் வேண்டிய வேலை. பல மாடல்களில் ஜாக் தனி ஒயருடன் வருகிறது, கழற்றி மாட்டினால் போதும். போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட ஜாக் என்றால் கூலி கூடும். கடைக்காரரிடம் எந்த வகை என்று முதலில் கேட்டுவிட்டுக் கூலி பேசுங்கள்.

வேலை முடிந்ததும் கருவியைத் திறந்த சன்னலோரம் வைக்காமல், சிலிகா ஜெல் பைகள் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் பட்ட கையால் பின்னைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும்.

சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் சுர்ரென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தாலும் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் பயன்படுத்துவதால் பயமாக இருக்கிறது.
– தையல் தொழில் செய்யும் வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதன் காரணம் எளியது. சார்ஜருக்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக, 230 வோல்ட் பக்கத்தையும் மடிக்கணினிப் பக்கத்தையும் இணைக்கும் சிறிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அதன் வழியே ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். எர்த் இணைப்பு இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுபவரின் விரல் வழியே போகப் பார்க்கும். டெஸ்டரின் நியான் விளக்கு மிகச் சிறிய மின்சாரத்துக்கே எரியும் என்பதால், அது எரிவதை மட்டும் வைத்து ஆபத்து என்று முடிவு செய்ய முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது சார்ஜரின் பிளக். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் செருகுவதற்காகத் தடித்த எர்த் பின்னை உடைத்துவிடுவதும், எர்த் இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதும் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் அன்றாடம் நடப்பவை. உடையாத மூன்று பின் ஒயரை, எர்த் உறுதியாக உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். சுர்ரென்ற உணர்வு நின்றுவிட்டால் கவலை இல்லை.

நிற்காவிட்டால், அல்லது கிரைண்டர், பிரிட்ஜ், தையல் மோட்டார் ஆகியவற்றைத் தொட்டாலும் அதே உணர்வு இருந்தால், அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டின் எர்த் ஒயர் எங்கோ அறுந்து, வேறொரு சாதனத்தின் கசிவு அதன் வழியாக எல்லாக் கருவிகளுக்கும் பரவியிருக்கலாம். அந்தக் கசிவுக்கு மில்லியாம்பியர் வரம்பு எதுவும் கிடையாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லி, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்திக்கொள்ளுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. உடல் அதிரும் அளவுக்கு ஷாக் அடித்தாலோ, சார்ஜர் பெயர் தெரியாத மலிவு ரகமாக இருந்தாலோ, இன்றே அதைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டச்பேட் மேலே எழும்பி, அழுத்தினால் வேலை செய்வதில்லை. லேப்டாப்பை மூடினாலும் சற்றுத் திறந்தே நிற்கிறது. டச்பேடை மாற்ற எவ்வளவு ஆகும்?
– திருவொற்றியூர் வாசகர்

டச்பேடில் பழுதில்லை. அதன் அடியில் இருக்கும் பேட்டரி வீங்கியிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் கருவியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மீண்டும் சார்ஜ் போடாமல் வையுங்கள்.

தட்டையான பை வடிவச் செல்களில், உள்ளிருக்கும் எலெக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாக மாறுவதால் வீக்கம் வருகிறது. எழும்பியதை உள்ளே அமுக்குவது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது, பிளேடால் நெம்பி எடுப்பது ஆகியவற்றில் எதைச் செய்தாலும் செல்லின் உள்தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். அந்தப் புகையும் நச்சுள்ளது. கட்டில், துணி, காஸ் அடுப்பு ஆகியவற்றிலிருந்து விலக்கி, சிமென்ட் தரையில் வையுங்கள். பேட்டரியைக் கழற்றுவதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கொண்டு செல்லும்போது வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் அடைத்து வைக்காதீர்கள். புகை வரத் தொடங்கினால் எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

கழற்றிய பேட்டரியை என்ன செய்வது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. நம் பகுதிகளின் குப்பை கொடுங்கையூர்க் கிடங்குக்குத்தான் போகிறது. குப்பை லாரி அதை அமுக்கும்போதே லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பற்றக்கூடும். கிடங்கில் தீ மூண்டால் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் நாம்தான். காயலான் கடையில் எடைக்குப் போட்டால், அதைச் சுத்தியலால் உடைப்பது பெரும்பாலும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞராக இருப்பார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தித் தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளின் மேல் டேப் ஒட்டி, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ, புதிய பேட்டரி வாங்கும் கடையிலோ ஒப்படையுங்கள். வாங்க மறுத்தால் விதியை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக் குப்பையோடு கலந்து தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ரிச்சி தெருவில் ஒரே லேப்டாப்புக்குப் பல விலைகளில் பேட்டரி இருக்கிறது. பழைய பேட்டரியிலேயே செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

முதலில் பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மடிக்கணினியின் மாடல் பெயரைவிட, பேட்டரியின் முதுகில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரே நம்பகமானது. 10.8 வோல்ட் என்றும் 11.1 வோல்ட் என்றும் எழுதப்பட்டவை இரண்டும் மூன்று வரிசைச் செல்கள் கொண்டவை என்பதால் ஒன்றுக்கு மற்றது பொருந்தும், 14.4 அல்லது 14.8 வோல்ட் என்பது நான்கு வரிசை, பழையதில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், அதன் கீழ் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தயாரித்த தேதியையும் கேளுங்கள். லித்தியம் செல் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் மூப்படையும். மூன்று ஆண்டுகள் அலமாரியில் இருந்த கம்பெனி பேட்டரி புதியது ஆகாது.

டூப்ளிகேட்டைக் கண்டறிய எளிய வழி எடை போட்டுப் பார்ப்பது. உருளைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். ஆறு செல்களுக்கே 270 கிராம் ஆகிறது. மேலுறையும் சுற்றும் சேர்ந்தால் 300 கிராமைத் தாண்ட வேண்டும். ஆறு செல் என்று எழுதிய பேட்டரி 200 கிராம்தான் இருக்கிறது என்றால், உள்ளே நான்கு செல்கள் மட்டுமே இருக்க வேண்டும், அல்லது மட்டமான செல்களாக இருக்க வேண்டும். ரசீது வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்த அன்றே, முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன அறிக்கையை எடுங்கள். போலிகளில் அந்த எண்ணையும் பொய்யாக எழுதி வைப்பார்கள் என்பதால், ஒரு காணொளியை ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்தும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அது நிக்கல் கேட்மியம் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்குத் தேவையில்லை.

செல் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே தொகுதியைச் சேர்ந்த, ஒத்த திறனுடைய செல்களைத் தேர்ந்தெடுத்து, ஸ்பாட் வெல்டிங் முறையில் இணைக்க வேண்டும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் அது உள்ளே கெட்டுவிடும். இவ்வளவையும் முறையாகச் செய்தாலும், பேட்டரியின் சில்லு தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டிருந்தால் வேலை செய்யாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் பயன்படுத்தும் கருவிக்கு, எங்கிருந்து கழற்றியது என்று தெரியாத செல்களை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேட்டரியே இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டலாமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

கழற்றி மாட்டும் வகைப் பேட்டரி என்றால் ஓட்டலாம். மின்சாரம் நின்ற நொடியில் கருவியும் நிற்கும். சேமிக்காத வேலை போய்விடும், ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகளும் சேதமாகலாம். சிறிய யுபிஎஸ் ஒன்றில் இணைத்துவிட்டால் இந்தக் கவலை தீரும். பேட்டரி இருந்த குழியில் அதை இணைக்கும் உலோக முனைகள் திறந்திருக்கும் என்பதால் ஓர் அட்டையை வெட்டி மூடி வையுங்கள். உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி கொண்ட சில மாடல்கள் பேட்டரி இல்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாலை நேரத்தில் லோ வோல்டேஜ். லேப்டாப் கெட்டுவிடுமா, ஸ்டெபிலைசர் வேண்டுமா?
– மணலி வாசகி

சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 170 வோல்ட்டில் பிரிட்ஜ் திணறும். மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. அஞ்ச வேண்டியது மிகை வோல்டேஜுக்குத்தான். தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கியும் வரலாம். மின்விளக்குகள் சில மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரியத் தொடங்கினால், உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். நொடிப்பொழுதில் வந்துபோகும் மின்னலையை மட்டுமே சாதாரண ஸ்பைக் பஸ்டர் தாங்கும். தொடர்ந்து வரும் மிகை வோல்டேஜைத் துண்டிக்க, கட்-ஆஃப் வசதியுள்ள ஸ்டெபிலைசரோ வோல்டேஜ் புரொடெக்டரோ தேவை. மழைநீர் புகுந்து நனைந்த சார்ஜரை வெயிலில் காய வைத்து மீண்டும் பயன்படுத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்தக் கூடாது. ஒட்டி மூடப்பட்ட பெட்டிக்குள் போன சேறும் உப்பும் காய்ந்த பிறகும் அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது; இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வருகிறது. புதிய பேட்டரி போட்டும் சரியாகவில்லை.
– மாதவரம் வாசகர்

நீங்கள் மாற்றியது பெரிய பேட்டரியை. கடிகாரத்தையும் பயோஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் செல். அது தீர்ந்துவிட்டதால் தேதி பின்னோக்கிப் போகிறது. தேதி தவறாக இருப்பதால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிகின்றன. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகைதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில மடிக்கணினிகளில் அந்தச் செல் சிறிய ஒயரும் கனெக்டரும் சேர்த்து உறையிடப்பட்டிருக்கும்; அப்படியானால் கனெக்டருடன் கூடியதையே வாங்க வேண்டும். மாற்றிய பிறகு பயோஸ் திரையில் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை சரியாக அமைத்துச் சேமித்துவிடுங்கள்.